உள்நாக்கும் உறக்கமும்

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் வழியே கரூர் நோக்கிச் செல்லும் சாலையில் ஐந்தாறு மைல் போனால், முதுகுக்குப் பின்னே மலைக்கோட்டையின் மொட்டைப் பாறை கண்ணை விட்டு மறையாதிருக்கும்போதே, குடகனாற்றின் கரையில் தாடிக்கொம்பு வந்துவிடுகிறது. மண்டூக மகரிஷி அந்த ஆற்றங்கரையில் தவம் செய்தார் என்றும், தவத்துக்கு இடையூறு விளைத்த தாளாசுரனை அழகர் வந்து வதம் செய்தார் என்றும் ஸ்தலபுராணம் சொல்லும். விஜயநகர அரசு மதுரைச் சீமையில் வேரூன்றிய காலத்தில், அச்சுத தேவராயரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் மண்டபத் தூண்களில் உலகளந்த பெருமாளும், நரசிம்மரும், ஊர்த்துவ தாண்டவரும், ரதியும் மன்மதனும் கல் என்பது மறந்துபோகும்படி நிற்கிறார்கள். அவற்றைக் காணவே தொலைதூரத்திலிருந்து வருகிறவர்கள் உண்டு. ஆனால் அமாவாசைக் காலையில் அங்கே கூடும் ஜனங்களில் பெரும்பாலோர் அந்தத் தூண்களை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அவர்கள் நேரே போய் நிற்பது தன்வந்திரி ஸந்நிதியில்.

தைலாபிஷேகம் முடிந்து லேகியப் பிரஸாதம் கைக்கு வரும்வரை அந்த வரிசையில் நிற்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதெல்லாம் உடம்பைப் பற்றித்தான். முழங்கால் வலி, சர்க்கரை, நெஞ்செரிச்சல், பிள்ளைக்குச் சளி. ஒரு முறை எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாள், பக்கத்துத் தூணில் சாய்ந்தபடியே உறங்கிப்போயிருந்த தம் கணவரைக் காட்டி, நான் கேளாமலே சொன்னார்: "ராத்திரி குறட்டை விடுவாருங்க ஐயா. அது பரவாயில்லை. திடீர்னு நின்னு போகும் பாருங்க, அப்பத்தான் எனக்கு முழிப்பு வரும். மறுபடி ஒரு இழுப்பு இழுத்தாருன்னாத்தான் எனக்கு உசிரு வரும்." லாரி ஓட்டிப் பிழைத்தவர் அவர். எட்டு வருஷங்களுக்கு முன் தொண்டையில் ஆபரேஷன் ஆனதாம். "மொத ரெண்டு வருசம் வீடே அமைதியா இருந்துச்சு. அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா பழையபடி." டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "ஆறு மாசத்துல வரச் சொன்னாங்க, போனோம். நல்லாயிருக்குன்னு எழுதிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் கேக்கலீங்க ஐயா."

அன்று வீடு திரும்பிய பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. உறக்கத்தில் மூச்சடைப்பு என்னும் இந்த வியாதிக்கும், அதற்காகத் தொண்டையில் செய்யப்படும் சத்திர சிகிச்சைக்கும் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரம் முழுவதிலும், சிகிச்சை பெற்றவன் பல ஆண்டுகள் கழித்துத் தன் வாயால் என்ன சொன்னான் என்பது மட்டும் மிகவும் தாமதமாகத்தான் ஏட்டில் ஏறியிருக்கிறது. அந்தத் தாமதத்தின் கதையைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

கதையைத் தன்வந்திரியிடமிருந்து தொடங்குவது பொருத்தமே. பாற்கடலிலிருந்து அமிர்த கலசத்தோடு எழுந்தவர் என்று புராணம் போற்றும் அந்தப் பெயரே, சுசுருத ஸம்ஹிதையில் காசி மன்னன் திவோதாசனாக வந்து, சுசுருதன் முதலிய மாணாக்கர்களுக்குச் சத்திர சிகிச்சையைப் போதித்த ஆசாரியனுக்கும் உரியது. ஆயுர்வேத மரபில் அறுவை வைத்தியர்களுக்குத் தன்வந்திரி ஸம்பிரதாயத்தார் என்ற பெயரே உண்டு. நம் பக்கத்துத் தன்வந்திரித் திருவுருவங்களின் கையில் அமிர்த கலசத்தோடு ரத்தம் உறிஞ்சும் அட்டையும் இருப்பது, அவர் லேகிய வைத்தியத்துக்கு மட்டும் தெய்வமல்லர் என்பதற்கு அடையாளம். தாடிக்கொம்பில் லேகியத்துக்காகக் கைநீட்டி நிற்பவர்கள் உண்மையில் கத்திக்கும் அதிபதியான ஒருவரின் முன்தான் நிற்கிறார்கள்.

ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய அந்த நூலில், தாலு என்னும் அண்ணத்தின் அடியிலிருந்து ஊதிய தோற்பை போல நீண்டு வீங்கித் தொங்கி, தாகத்தையும் இருமலையும் சுவாச உபாதையையும் உண்டாக்கும் ஒரு நோய் சொல்லப்படுகிறது. அதன் பெயர் கண்டசுண்டி அல்லது கலசுண்டிகை. நம் பேச்சில் சொன்னால் உள்நாக்கு வளர்ந்துவிடுவது. அதற்குச் சொல்லப்படும் சிகிச்சை இது: பெருவிரலும் மற்றொரு விரலுமாகச் சேர்த்து இடுக்கிபோலப் பிடித்து உள்நாக்கை முன்னே இழுத்து, அது நாக்கின் மேல் படிந்து கிடக்கும்போது, மண்டலாக்கிரம் என்னும் வட்ட நுனிக் கத்தியால் அரிய வேண்டும். அதிகமாகவும் கூடாது, குறைவாகவும் கூடாது. மூன்றில் ஒரு பாகமே அரியத் தக்கது. மிகுதியாக அரிந்தால் ரத்தம் பெருகி, அதனாலேயே மரணமும் நேரலாம். குறைவாக அரிந்தாலோ வீக்கமும், உமிழ்நீர்ப் பெருக்கும், தூக்கமும், தலைச்சுற்றலும், கண் இருளலும் வந்து சேரும். அரிந்த பின் மிளகு, அதிவிடயம், வசம்பு, கோஷ்டம் முதலியவற்றை உப்போடும் தேனோடும் சேர்த்து அந்த இடத்தில் தடவச் சொல்கிறது நூல். குழந்தைக்கு உள்நாக்குத் தொங்கிவிட்டது என்று கண்டவுடன், விரல் நுனியில் மிளகுப்பொடியும் உப்பும் தொட்டுக்கொண்டு வாயைத் திறக்கச் சொல்லும் பாட்டிமாரை என் தலைமுறையினர் யாரும் மறந்திருக்க முடியாது.

மேலே சொன்ன பட்டியலில் தூக்கம் என்று ஒரு சொல் வருவதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சுசுருதர் ஸ்லீப் ஆப்னியா என்று இன்று சொல்லப்படும் இந்த உறக்க மூச்சடைப்பை அறிந்திருந்தார் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. நம் பழைய நூல்களில் இன்றைய சாஸ்திரம் முழுவதும் இருக்கிறது என்று மார்தட்டுவது அந்த நூல்களுக்கு நாம் செய்யும் மரியாதையும் ஆகாது. ஆனால் ஒன்று நிச்சயம். கத்தியை வைத்தவர், வைத்த பின் அந்த மனிதனுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்திருக்கிறார். புண் ஆறியதா என்பதோடு நிற்காமல், அவன் தூங்கி விழுகிறானா, அவனுக்குத் தலை சுற்றுகிறதா என்று கேட்டிருக்கிறார். ஏனெனில் தலைச்சுற்றலும் கண் இருளலும் நோயாளி சொன்னாலன்றி வைத்தியனுக்குத் தெரியக்கூடியவை அல்ல. அந்த ஒரே வரியில் நோயாளியின் வாக்குமூலம் சாஸ்திரத்துக்குள் நுழைந்திருக்கிறது. அதே நூல் மிகப் பருத்த உடலினருக்கு வரும் உபாதைகளைச் சொல்லுமிடத்தில், அற்ப சுவாசம், மிகுந்த பசி, மிகுந்த தூக்கம் என்பவற்றோடு கிரதனம் என்று ஒன்றைச் சேர்க்கிறது. பிற்காலத்து உரைகாரர்கள் அதற்கு எதிர்பாராமல் மூச்சு அடைபடுதல் என்று பொருள் சொன்னார்கள். அமாவாசைக் கூட்டத்தில் அந்த அம்மாள் சொன்னதும் அதுதான்.

இருந்தும் பல நூற்றாண்டுகள்வரை இது ஒரு தனி வியாதியாக யாருக்கும் தோன்றவில்லை. நம் நாட்டில் குறட்டை என்பது அசந்து தூங்குவதன் அடையாளம். பகலில் தூங்கி வழிகிறவனுக்குச் சோம்பேறி, தூங்குமூஞ்சி என்ற பட்டங்கள் தயாராக இருந்தன. கும்பகருணனை எழுப்பப் போனவர்களை அவன் விடும் மூச்சு வெளியே தள்ளுவதையும் வாங்கும் மூச்சு உள்ளே இழுப்பதையும் வியந்து கேட்ட நம் ஜனங்கள், அவனை நோயாளி என்று ஒரு நாளும் எண்ணியதில்லை. அவனுக்கு அந்த நித்திரை வந்ததே வரம் கேட்கும் வேளையில் நாக்குப் பிறழ்ந்ததால்தான் என்று கதை சொல்வது மட்டும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். நாக்குக்கும் உறக்கத்துக்கும் உள்ள சம்பந்தத்துக்குப் பின்னால் வருகிறேன்.

மேல்நாட்டிலும் நிலைமை வேறல்ல. 1836-37இல் வெளியான பிக்விக் நாவலில் டிக்கன்ஸ், நின்றபடியே உறங்கிக் குறட்டை விடும் ஜோ என்ற பருத்த சிறுவனைப் படைத்து வாசகர்களைச் சிரிக்க வைத்தார். 1889இல் லண்டனில் வில்லியம் ஹில் என்ற வைத்தியர், மூக்கும் தொண்டையும் அடைபட்டு வாயால் மூச்சு விடும் குழந்தைகளைத்தான் பள்ளிக்கூடங்கள் மந்த புத்தி என்று ஒதுக்குகின்றன என்று எழுதினார். அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் சொற்பம். பிறகு 1956இல், பாஸ்டன் நகரத்தில் பர்வெல் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதிய கட்டுரையில், டிக்கன்ஸின் சிறுவனை நினைந்து அந்த நோய்க்குப் பிக்விக்கியன் என்று பெயரிட்டார்கள்.

அந்த நோயாளியின் கதையை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஐம்பத்தொரு வயது, வியாபார நிறுவனமொன்றில் பெரிய உத்தியோகம், ஐந்தரை அடிக்கும் குறைந்த உயரத்தில் 260 பவுண்டுக்கு மேற்பட்ட எடை. உடம்பு பருத்ததும், கால் வீங்கியதும், மூச்சு வாங்கியதும் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. வாரம் ஒரு முறை நண்பர்களோடு சீட்டாடுவது அவர் வழக்கம். ஒரு நாள் அவர் கைக்கு மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் வந்தன. ஆட்டத்தில் எதிராளியால் கிட்டத்தட்ட வெல்லவே முடியாத கை அது. அப்படிப்பட்ட சீட்டைப் பிடித்தபடியே அவர் உறங்கிப்போனார். தமக்கு ஏதோ பெருந்தவறு நேர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சில நாட்களில் வைத்தியரிடம் போனார். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு, கரியமில வாயு எவ்வளவு என்ற அளவுகளெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. முதலில் வந்தது அந்த மனிதர் தம் வாழ்க்கையில் இழந்ததைத் தாமே சொன்ன சொல். லாரியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணயரும் நம் ஊர் மனிதனுக்கு இழப்பு சீட்டாட்டத்தோடு முடிவதில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

1965இல் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் தனித்தனியே ஆராய்ந்தவர்கள், உறங்கும்போது தொண்டை மூடிக்கொண்டு மூச்சு நிற்பதைக் கருவியின் காகிதச் சுருளில் பிரத்தியட்சமாகக் கண்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியைச் சேர்ந்த கூலோ என்பவரும் அவர் கூட்டாளிகளும் செய்த சிகிச்சை மிகவும் நேரானது: அடைபடும் இடத்துக்குக் கீழே, குரல்வளைக்குக் கீழ்ப்புறத்தில், கழுத்தில் ஒரு துளை. பகலில் அதை அடைத்துக்கொண்டு பேசலாம்; இரவில் திறந்துகொண்டு மூச்சு விடலாம். மூச்சடைப்பை அறவே போக்கிய முதல் சிகிச்சை அதுதான். இன்றுவரை அதைவிட நிச்சயமான அறுவை வேறில்லை. ஆனால் கழுத்தில் திறந்த துளையோடு குளிப்பதும், நாலு பேர் நடுவே இருமுவதும், மனைவியருகே படுப்பதும் எப்படிப்பட்ட வாழ்க்கை என்று எந்தக் காகிதச் சுருளும் சொல்லவில்லை. நோய் போயிற்று, வாழ்வு கெட்டது என்ற நிலையை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

இதனிடையே ஜப்பானில் இகேமாட்சு என்ற தொண்டை வைத்தியர், குறட்டையை ஒழிப்பதற்காகவே உள்நாக்கையும் மெல்லண்ணத்தின் ஓரத்தையும் அரிந்து தைக்கும் முறையொன்றைக் கையாண்டு, 1964இல் அதை வெளியிட்டிருந்தார். அதைப் பின்பற்றி டெட்ராய்ட் நகரத்து ஹென்றி ஃபோர்டு ஆஸ்பத்திரியில் ஃபுஜிட்டா என்பவர், டான்ஸிலையும் எடுத்து, உள்நாக்கைக் குறைத்து, அண்ணத்தை இழுத்துத் தைத்து, தொண்டையின் வாசலை அகலப்படுத்தும் அறுவையை மூச்சடைப்புக்கு உரிய சிகிச்சையாக 1981இல் அறிவித்தார். யு.பி.பி.பி. என்ற நாலெழுத்துப் பெயரால் அது உலகமெங்கும் பரவிற்று. காலச் சக்கரம் சுற்றி, சுசுருதரின் கத்தி மறுபடி உள்நாக்கண்டை வந்து நின்றது.

அதே 1981ஆம் ஆண்டில்தான் சிட்னியில் காலின் ஸல்லிவன், தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைத் திருப்பிப் பூட்டி, மூக்கின் வழியாகக் காற்றை இலேசான அழுத்தத்தில் இரவு முழுதும் செலுத்தினால் தொண்டை மூடாமல் நிற்கும் என்று ஐந்து நோயாளிகளைக் கொண்டு நிரூபித்தார். சிபேப் என்று இன்று திண்டுக்கல் மருந்துக்கடைக்காரரும் அறிந்திருக்கும் அந்த இயந்திரமே இன்றைக்கும் முதல் சிகிச்சை. மாட்டிக்கொண்டால் குணம், கழற்றினால் பழைய நிலை. முகமூடி பொறுக்காமல் அலமாரியில் வைத்துவிடுகிறவர்களும் ஏராளம். கத்தியின் பக்கம் ஜனங்கள் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவே காரணம்.

இந்தச் சிகிச்சைகளின் வெற்றியை எப்படி அளந்தார்கள்? ஸ்டான்ஃபோர்டில் கியெமினோவும் மற்றவர்களும் 1976இல் ஸ்லீப் ஆப்னியா என்ற பெயரை நிலைநாட்டியதிலிருந்து, மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்ணே வியாதியின் அளவுகோலாயிற்று. அறுவைக்குப் பின் அந்த எண் பாதியாகக் குறைந்து, இருபதுக்குக் கீழே வந்தால் வெற்றி என்று ஒரு விதியும் ஏற்பட்டது. மணிக்கு 60 முறை நின்ற மூச்சு 19 முறையாகக் குறைந்தால், மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை இன்னும் மூச்சுத் திணறுகிற அந்த மனிதன் வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடுவான். இந்த விதியின்படியே கணக்கெடுத்தும், 1996இல் ஷெர் முதலியோர் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, யு.பி.பி.பி. செய்துகொண்டவர்களில் சுமார் 41 விழுக்காட்டினரே தேறினார்கள். பதினைந்தாண்டுக் கால உற்சாகம் அதோடு வெகுவாக அடங்கிற்று.

எண் ஒரு புறம் இருக்க, நோயாளியின் சொல்லுக்கு ஓர் உருவம் கொடுத்தவர் ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து எப்வொர்த் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த மர்ரே ஜான்ஸ். அவர் 1991இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோலில் எட்டே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 24, பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் மிகுதி. உட்கார்ந்து படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா அமர்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் வண்டியில் போகும்போது, மத்தியானம் படுத்திருக்கும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, மது அருந்தாத பகலுணவுக்குப் பின் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, போக்குவரத்து நெரிசலில் கார் சில நிமிஷம் நிற்கும்போது கண்ணயர்வீர்களா என்பவையே அந்த எட்டும். படிக்கும்போது இவை எவ்வளவு எளிமையானவை என்று தோன்றுகிறது; ஆனால் இவற்றைத் தாடிக்கொம்பில் கேட்டுப் பார்க்க வேண்டும். கார் இல்லாதவனிடம், புத்தகத்தைக் கையால் தொட்டு நாற்பது வருஷமானவனிடம் இவற்றில் இரண்டு கேள்விகள் அப்படியே உதிர்ந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் தலை சாய்ப்பது இந்தச் சமவெளியின் வெயிலில் வியாதியல்ல, வழக்கம். இங்கே கேட்க வேண்டியவை வேறு: திண்டுக்கல் பஸ்ஸில் உட்கார்ந்து இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறீரா? மோட்டாரைப் போட்டுவிட்டு மடைவாயில் நிற்கும்போது கண் சொருகுகிறதா? கல்யாண வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருக்கையிலேயே தலை தொங்கி, பக்கத்திலிருப்பவர் தோளைத் தட்டினாரா? நோயாளியின் சொல்லை அளக்க விரும்புகிறவன், நோயாளியின் வாழ்க்கையிலிருந்தே கேள்வியை எடுக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை அமெரிக்காவில் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு காட்டிற்று. ஐந்து முதல் ஒன்பது வயதுவரையான 464 குழந்தைகள். ஒரு சாராருக்கு டான்ஸிலும் அடினாய்டும் உடனே அகற்றப்பட்டன. மறு சாரார் காத்திருந்தார்கள். 2013இல் வெளியான அதன் முடிவில், ஏழு மாதம் கழித்துக் குழந்தைகளின் கவனத்தை அளந்த பரீட்சையில் இரு சாராருக்கும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை. ஆனால் பெற்றோரைக் கேட்டபோது, அறுவை ஆன குழந்தைகளின் நடத்தையும், உறக்கமும், அன்றாட வாழ்வும் தெளிவாக மேம்பட்டிருந்தன. காத்திருந்த குழந்தைகளிலும் 46 விழுக்காட்டினருக்கு உறக்கப் பதிவு தானாகவே சீராயிற்று என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் சொன்னது. பரீட்சைத் தாள் கண்டுபிடிக்காததைத் தாயின் கண் கண்டிருந்தது என்பதும், அவசரப்பட்டுக் கத்தியை எடுக்க வேண்டியதில்லை என்பதும் ஒரே ஏட்டில் பதிவாயின. வில்லியம் ஹில் எழுதி அப்போது 124 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நோயாளியின் சொல்லே வேதம் என்றும் நான் வாதிக்க வரவில்லை. அறுவைக்குப் பின் சத்தம் அடங்கிவிடுவதும், உள்ளே மூச்சு நிற்பது மட்டும் ஓசையின்றித் தொடர்வதும் உண்டு. குறட்டை போயிற்று, குணமாயிற்று என்று வீடே நம்பியிருக்க, இருதயம் இரவெல்லாம் பிராணவாயுவுக்குத் தவித்துக்கொண்டிருக்கும். வலியும் செலவும் பொறுத்து அறுவை செய்துகொண்டவன், ஆறாம் மாதத்தில் வைத்தியரின் முகத்தைப் பார்த்து நன்றாயில்லை என்று சொல்லத் தயங்குவதும் மனித இயல்பே. அதனால்தான் ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிலையத்தார் 65 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு சாராருக்கு மட்டும் யு.பி.பி.பி. செய்து ஒப்பிட்டது பெரிய காரியம். மணிக்கு 53 முறை அடைபட்ட மூச்சு அறுவைக்குப் பின் 21ஆகக் குறைந்தது. காத்திருந்தவர்களுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கே குறைந்தது. 2020இல் ஆஸ்திரேலியாவில் 102 பேரைக் கொண்டு நடந்த பரீட்சையில், அண்ணத்தையும் நாக்கின் அடியையும் சேர்த்துச் சீர்செய்தவர்களின் எப்வொர்த் மதிப்பெண் 12.4லிருந்து 5.3க்கு இறங்கிற்று, அறுவையில்லாதவர்களுக்கு 11.1லிருந்து 10.5. கத்திக்குப் பலன் உண்டு என்பதை இனி யாரும் மறுக்க முடியாது. ஆனால் இரண்டு பரீட்சைகளிலும் தீர்ப்புச் சொல்லப்பட்டது ஆறாம் மாதத்தில்.

ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன ஆகிறது? தைத்த அண்ணம் தளர்கிறது, வயதோடு தசை தொய்கிறது, எடை ஏறுகிறது, அடங்கியிருந்த குறட்டை பலருக்கு மெல்லத் திரும்புகிறது. தண்ணீர் குடித்தால் மூக்கில் ஏறுவது, தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பது போன்ற உணர்ச்சி, குரலில் ஒரு மாற்றம், நாவின் ருசிக் குறைவு ஆகியவை சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றன. இவற்றில் எதையும் மூச்சை எண்ணும் கருவி காட்டாது. கேட்டால்தான் தெரியும்.

நீண்ட காலம் கேட்டதற்கு உதாரணமாக நான் அறிந்தவற்றில் சிறந்தது, நாக்கை அசைக்கும் நரம்பைப் பற்றியது. மார்பில் தோலுக்கடியில் ஒரு சிறு கருவியைப் பதித்து, மூச்சு இழுக்கும்போதெல்லாம் நாக்கின் நரம்பைத் தூண்டி நாக்கு பின்னே விழாமல் முன்னே நிற்கச் செய்யும் அறுவை அது. 126 பேருக்குச் செய்யப்பட்ட அதன் ஓராண்டு முடிவு 2014இல் வெளியாயிற்று. ஆராய்ச்சியாளர்கள் அதோடு விட்டுவிடாமல் ஆண்டுதோறும் அந்த மனிதர்களைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஐந்தாண்டு கழித்து, பகல் தூக்கத்தின் மதிப்பெண் இயல்பான அளவில் இருந்தவர்கள் 33 விழுக்காட்டிலிருந்து 78 விழுக்காடாக உயர்ந்து நின்றார்கள். அன்றாடக் காரியங்களைப் பற்றிய கேள்விகளில் இயல்பு நிலையை எட்டியவர்கள் 15 விழுக்காட்டிலிருந்து 67 விழுக்காடு. நாக்குப் பிறழ்ந்து உறக்கம் வந்த கும்பகருணன் கதையை அப்போது நினைத்துக்கொண்டேன். அந்தக் கருவியின் விலை தாடிக்கொம்புக்காரருக்கு எட்டாது என்பது உண்மை. ஐந்து வருஷம் தொடர்ந்து கேட்பதற்கு ஆகும் செலவு அப்படிப்பட்டதல்ல.

நம் தேசத்தில் இந்த நோய் அபூர்வமானது என்று எண்ணிவிட வேண்டாம். மும்பையில் 35 முதல் 65 வயதுவரையான ஆண்களை ஆராய்ந்து உத்வாடியா முதலியோர் 2004இல் வெளியிட்ட கணக்கின்படி, நூற்றுக்கு ஏழரைப் பேருக்குப் பகல் தூக்கத்தோடு கூடிய மூச்சடைப்பு நோய் இருந்தது. டில்லியில் 2009இல் வெளியான கணக்கில் மூச்சடைப்பு உள்ளவர்கள் நூற்றுக்கு ஒன்பதுக்கு மேல். நூறு ஆண்கள் நிற்கும் ஓர் அமாவாசை வரிசையில் இவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம். பெண்களுக்கும் இது வரும். ஆனால் பெண் குறட்டை விடுவதை வீட்டார் வெளியே சொல்வதில்லை, அவளும் சொல்வதில்லை.

அன்று லேகியம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அந்த மனிதரும் விழித்துக்கொண்டார். ஆபரேஷன் வீண்போயிற்றா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வீணுன்னு சொல்லமாட்டேங்க. ரெண்டு வருசம் நல்லா வண்டி ஓட்டினேன். மகள் கல்யாணத்த அந்த ரெண்டு வருசத்துலதான் முடிச்சேன்" என்றார். பிறகு, தண்ணீர் குடித்தால் இன்னும் எப்போதாவது மூக்கில் ஏறுகிறது என்றும், இப்போது வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டதாகவும், எடை பத்துக் கிலோ கூடிவிட்டதாகவும் சொன்னார். வெற்றி, தோல்வி என்ற இரண்டு கட்டங்களில் எதில் இவரைப் போடுவது? அவர் சொன்ன நாலு வாக்கியங்களில், எந்த ஆய்வாளருக்கும் தேவையான எட்டு வருஷத்துச் செய்தி அடங்கியிருந்தது. அது எந்த நோட்டிலும் ஏறாமல், கோயில் வாசலில் ஒரு வழிப்போக்கனிடம் சொல்லப்பட்டது. உறக்கப் பரிசோதனையை மறுபடி செய்துகொள்ளுங்கள், முதல் அறுவை தளர்ந்துவிட்டது என்பதற்காகச் சிகிச்சையே இல்லை என்று ஆகிவிடாது, இயந்திரத்தையாவது கேட்டுப் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன்.

திண்டுக்கல்லிலும் மதுரையிலும் தொண்டை அறுவை செய்யும் வைத்தியர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். ஆறாம் மாதத்தோடு நோட்டை மூடிவிடாமல், ஓராண்டிலும், ஐந்தாண்டிலும், பத்தாண்டிலும் அந்த மனிதருக்கு ஒரு கடிதமாவது தொலைபேசி அழைப்பாவது போகட்டும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, அவர் சொல்வதை அவருடைய தமிழிலேயே எழுதி வையுங்கள். அறுவை செய்துகொண்டவர்களுக்கும் ஒரு வார்த்தை: அழைப்பு வராவிட்டாலும் நீங்களே திரும்பிப் போங்கள், நன்றாயிருந்தாலும் போய்ச் சொல்லுங்கள், நன்றாயில்லாவிட்டாலும் தயங்காமல் சொல்லுங்கள். போகும்போது, இரவில் உங்கள் பக்கத்தில் விழித்திருந்தவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.